பழைய கண்ணாடியைக் காட்சிக்கு வைக்கப் போகிறீர்களா? அலமாரியைக் கடைசியில் வாங்குங்கள்

பூர்வீக வீட்டில் லஸ்தர் விளக்கு (கூரையில் தொங்கும் சரவிளக்கு), குளோப் (விளக்கின் உருண்டைக் கண்ணாடி மூடி), ரசக் கண்ணாடி, அத்தர் குப்பி, தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம், பாசிமணிச் சரம் என்று ஏதாவது கிடக்கும். ஒரு அறையை ஒழித்து, அவற்றை ஒழுங்காக அடுக்கி, நாலு பேர் பார்க்கும்படி வைக்கலாம் என்று குடும்பமோ, பள்ளியோ, ஊர் மரபுக் குழுவோ நினைக்கும். நல்ல நினைப்புதான். ஆனால் அநேகமாக எல்லோரும் முதல் நாளே தச்சரைக் கூப்பிட்டு அலமாரிக்கு அளவு கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் துடைக்கிறார்கள், அடுக்குகிறார்கள், திறப்பு விழா வைக்கிறார்கள். எது யார் கொடுத்தது, எது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. அப்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். காகிதம் முதலில், கண்ணாடி அடுத்து, அலமாரி கடைசியில். சுமார் 100 பொருள், வார இறுதியில் வேலை செய்ய இரண்டு பேர் என்றால் ஆறிலிருந்து எட்டு மாதம் ஆகும். முதல் மூன்று மாதம் வெளியே காட்ட எதுவும் இருக்காது.

1. யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள்

பூர்வீக வீட்டுப் பொருள் ஒருவருடையதாக இருப்பது அபூர்வம். செட்டிநாட்டு வீடுகளைப் போலப் பல பங்காளிகள் உள்ள வீட்டில், சாவி வைத்திருப்பவர் கொடுத்தால் போதாது. எல்லாப் பங்குதாரர் கையெழுத்தும் வேண்டும். வெளியூரில் இருப்பவரிடம் மின்னஞ்சல் ஒப்புதல் வாங்கி அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள்.

கொடுப்பது தானமா, இரவலா? இந்த ஒரு வரியைத் தெளிவாக எழுதாததால்தான் முக்கால்வாசித் தகராறு வருகிறது. அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்க, பதிவு செய்த பத்திரம் அல்லது பொருளை நேரில் ஒப்படைப்பது, இரண்டில் ஒன்று சட்டப்படி போதும். ஆனாலும் பத்திரம் பதியாவிட்டால், ஒப்படைத்த தேதியோடு இரண்டு சாட்சி கையெழுத்திட்ட ஒரு தாளாவது வைத்துக்கொள்ளுங்கள். இரவல் என்றால் அந்தத் தாளில் இவை இருக்க வேண்டும்: பொருளின் எண், படம், இன்றைய நிலை, ஒப்புக்கொண்ட மதிப்பு, எத்தனை மாதம், உடைந்தால் யார் பொறுப்பு, திருப்பிக் கொண்டுபோகும் செலவு யாருடையது, படம் எடுத்து வெளியிட அனுமதி உண்டா இல்லையா. ‘நிரந்தர இரவல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது. மூன்று வருடம், பிறகு புதுப்பிக்கலாம் என்று எழுதுங்கள்.

அடுத்து 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். 100 வருடத்துக்குக் குறையாமல் பழையதான கைவினைப் பொருள் இந்தச் சட்டத்தில் தொல்பொருள் ஆகிவிடும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ‘நினைவுக்கு ஒரு குளோப் அனுப்பு’ என்று கேட்டாலும் இதே சட்டம்தான். 100 வருடம் ஆகாத பொருள் என்றால், சுங்கத்தில் சிக்காமல் இருக்க, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்க வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் தொல்பொருள் எல்லாவற்றுக்கும் பதிவு கட்டாயமில்லை. அறிவிக்கப்பட்ட வகைகளுக்கு மட்டுமே. சாதாரண விளக்கும் குப்பியும் அந்தப் பட்டியலில் இல்லை. ஓவியங்கள் உண்டு. ஆகவே கண்ணாடி ஓவியம் இருந்தால் படத்தோடு தொல்பொருள் பதிவு அலுவலரைப் பார்த்து எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணிலிருந்து எடுத்த மணிகள் தனிக் கதை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய கண்ணாடி மணிகளுக்குப் பெயர்போன, புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம். மழைக்குப் பிறகு மேலே கிடக்கிறது என்று பொறுக்கி வந்து கொடுப்பவர்களிடம் வாங்கிக் காட்சிக்கு வைக்காதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத மணியை வைத்துக்கொண்டு ஆய்வாளர் எதையும் சொல்ல முடியாது.

குடும்பமே வைத்து நடத்தினால் அமைப்பு எதையும் பதிவு செய்யத் தேவையில்லை. நன்கொடை வாங்கவோ, மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத்துக்கு விண்ணப்பிக்கவோ எண்ணமிருந்தால் அறக்கட்டளை அல்லது சங்கம் வேண்டும். தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது ஏழு பேர். வரிவிலக்குப் பதிவைத் தணிக்கையாளரிடம் விட்டுவிடுங்கள். ஆனால் வங்கிக் கணக்கை முதல் நாளிலிருந்தே தனியாக வையுங்கள்.

2. தொடும் முன் எண், படம், எடை

ஒரு பொருளுக்கு இருபது நிமிடம் என்று கணக்கு வையுங்கள். 100 பொருளுக்கு 33 மணி நேரம். ஒரு நாளில் பதினைந்துக்கு மேல் போகாதீர்கள். கை தளரும் நேரத்தில்தான் உடையும்.

எண் எளிதாக இருக்கட்டும்: 2025.1.14 என்றால் 2025இல் வந்த முதல் தொகுதியின் 14ஆவது பொருள். குப்பிக்கு மூடி இருந்தால் 14அ, 14ஆ. பழைய குப்பியில் மூடியையும் கழுத்தையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். ஒன்றின் மூடி இன்னொன்றில் சரியாக உட்காராது. நான்கு குப்பியைச் சேர்த்துக் கழுவி மூடிகளைக் கலந்துவிட்டால், எது எதற்கு என்று கண்டுபிடிப்பதற்குள் ஒன்றாவது சிக்கிக்கொள்ளும்.

எண்ணைப் பொருளின் அடியில் எழுத: 20 கிராம் பாராலாய்ட் பி-72 (நிறமற்ற அக்ரிலிக் பிசின்) துகளை 80 கிராம் அசிட்டோனில் கரையுங்கள். மூடிய ஜாடியில் ஒரு இரவு போதும். அடியில் நகத்தளவு பூசி, ஒரு மணி நேரம் காயவிட்டு, நிறமி மையால் எழுதி, மேலே ஒரே இழுப்பில் இன்னொரு பூச்சு. இரண்டு முறை இழுத்தால் அசிட்டோன் மையைக் கரைத்துவிடும். நகப்பூச்சு வேண்டாம், மஞ்சளாகிப் போகும். பொன்முலாம், வண்ணப் பூச்சு, அடுத்த பகுதியில் சொல்லும் ‘வியர்க்கும்’ கண்ணாடி ஆகியவற்றில் நேராக எதையும் எழுதாதீர்கள். பருத்தி நாடாவில் சீட்டுக் கட்டினால் போதும்.

படம் இரண்டு வகை எடுங்கள். கறுப்புத் துணிப் பின்னணியில் பக்கவாட்டு விளக்கு வைத்தால் உருவமும் வெட்டு வேலையும் தெரியும். வெள்ளைத் தாளுக்குப் பின்னால் விளக்கு வைத்தால் விரிசலும் குமிழியும் தெரியும். எது ஏற்கெனவே இருந்த விரிசல் என்று காட்டப்போவது இந்த இரண்டாவது படம்தான். இரவல் ஒப்பந்தத்தோடு அதை இணையுங்கள்.

‘பெல்ஜியம் கண்ணாடி’ என்ற பெயரைச் சீட்டில் எழுதும் முன் யோசியுங்கள். நம் ஊரில் கனமாக, பளபளப்பாக இருந்தால் எல்லாமே பெல்ஜியம்தான். லஸ்தர் என்றால் பித்தளைப் பாகங்களைப் பாருங்கள். பர்மிங்ஹாமின் எஃப் அண்டு சி ஆஸ்லர் முத்திரை சில சமயம் அங்கே இருக்கும். பிரான்சின் பாக்கரா கண்ணாடி நிறுவனம் அமிலத்தால் பொறித்த வட்ட முத்திரை 1936க்குப் பிறகு வந்தது. அது இருந்தால் பொருளும் அதற்குப் பிந்தியதே. அடியில் கரடுமுரடான வடு இருந்தால், ஊதும்போது இரும்புக் கோலில் ஒட்டிப் பிடித்த அடையாளம். இரண்டு பக்கமும் மெல்லிய தையல் கோடு ஓடினால் அச்சில் வார்த்தது அல்லது அச்சுக்குள் ஊதியது.

ஈயக் கண்ணாடியா என்று அறிய எடைச் சோதனை போதும். உலர்ந்த எடையை, நீரில் மூழ்கித் தொங்கும்போது குறையும் எடையால் வகுங்கள். 2.5க்குப் பக்கம் என்றால் சாதாரணச் சோடாக் கண்ணாடி. 3ஐ ஒட்டி வந்தால் ஈயம். உலோகம் பூட்டாத, வண்ணம் பூசாத, விரிசல் இல்லாத பொருளுக்கு மட்டுமே இந்தச் சோதனை. புற ஊதா டார்ச் சில நூறு ரூபாய்தான். இருட்டறையில் அடித்தால் யுரேனியம் கலந்த கண்ணாடி பச்சையாக மின்னும். பழைய ஒட்டுகளும் வேறு நிறத்தில் பளிச்சென்று தெரியும். பழசு என்று நம்பி விலை பேசும் முன் இந்த டார்ச்சை அடித்துப் பாருங்கள்.

3. நோயுள்ள கண்ணாடியைப் பிரித்துவையுங்கள்

கண்ணாடி உடைந்தால்தான் அழியும் என்று நினைப்பது தவறு. சும்மா இருக்கும்போதே அழியும் கண்ணாடி உண்டு. மணலை உருக்கச் சேர்த்த சோடாவோ பொட்டாஷோ மிகுந்து, சுண்ணாம்பு குறைந்த கலவை என்றால், காற்றின் ஈரம் அந்தக் காரத்தை மெல்ல வெளியே இழுக்கும். முதலில் பால் படிந்தது போல மங்கல். துடைத்தால் போய்விடும், சில வாரத்தில் திரும்ப வரும். அடுத்து வழுவழுப்பு, சோப்புக் கை பட்டது போல. மழைக்காலத்தில் துளித்துளியாக வியர்க்கும். கடைசிக் கட்டத்தில் உள்ளுக்குள் மீன்வலை போல நரம்பு விரிசல் ஓடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளி நூல் போல மின்னும். அந்தக் கட்டம் வந்தால் மீட்பு கிடையாது, மோசமாகாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான்.

சோதனை எளிது. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பிஹெச் தாளை (அமிலம், காரம் காட்டும் தாள்) மங்கலான இடத்தில் ஒற்றுங்கள். 9க்கு மேல் காட்டினால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பொருளைத் தனிப் பெட்டியில், மற்றவற்றைத் தொடாமல் வையுங்கள். நரம்பு விரிசல் விட்டதைக் கழுவவே கூடாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு, மைசூரில் உள்ள தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகத்தின் மண்டலக் கிளை, பெங்களூருவில் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பின் கலைப்பொருள் பாதுகாப்பு மையம் ஆகியவற்றில் ஒன்றுக்குப் படத்தோடு எழுதிக் கேளுங்கள்.

பழைய ரசக் கண்ணாடியும் இதே வரிசையில் வரும். சுமார் 1900 வரை வந்தவற்றில் பல, வெள்ளீயமும் பாதரசமும் சேர்த்த பூச்சு. பின்பக்கம் வண்ணம் அடிக்காமல் வெறும் உலோகத் தகடு போல இருக்கும். பழுதான இடம் நீலச் சாம்பலாக, பொடிப் பளபளப்போடு தெரியும். சட்டத்தின் கீழ்விளிம்பில் பாதரசம் குண்டுமணி போலத் திரண்டிருக்கலாம். அப்படி இருந்தால் தலைகீழாகத் திருப்பாதீர்கள், பின்பலகையைக் கழற்றாதீர்கள், வேக்குவம் கிளீனர் பக்கத்திலேயே வரக்கூடாது, ஆவியை அறை முழுக்கப் பரப்பிவிடும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள சுவரில், இருந்த திசையிலேயே மாட்டுங்கள். ‘ரசம் போய்விட்டது, புதிதாகப் பூசித் தருகிறோம்’ என்று யாராவது வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். புதுப்பூச்சு போட்டால் மிஞ்சுவது பழைய சட்டம் மட்டுமே.

4. எதைக் கழுவலாம்

கழுவலாம்: விரிசல், ஒட்டு, வண்ணம், முலாம் எதுவும் இல்லாத ஒற்றைத் துண்டுக் கண்ணாடி. மற்ற எதையும் மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள்.

ஸ்டீல் தொட்டி வேண்டாம். பிளாஸ்டிக் டப்பில் அடியில் நுரை விரிப்பு போடுங்கள். மோதிரம், வளையல், கடிகாரம் கழற்றியாக வேண்டும். அறை வெப்ப நீர், இரண்டு லிட்டருக்கு மணமில்லாத அயனியற்ற சோப்பு சில துளி. ஒரு நேரத்தில் ஒரே பொருள். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில். போர்வெல் நீரில் அலசினால் உப்பு வெள்ளையாகப் படியும், பிறகு அமிலம் தேடி ஓடுவீர்கள், அதுதான் பெரிய கேடு. வினிகர், எலுமிச்சை, புளி, பாத்திரப் பொடி எதுவும் கூடாது. குப்பியை இரண்டு மூன்று நாள் கவிழ்த்துக் காயவிட்டு, மூடியைப் பக்கத்தில் வையுங்கள். மேலே பொருத்தாதீர்கள். உள்ளே ஈரம் சிக்கினால் ஒரு வருடத்தில் உட்புறம் பாலாகிவிடும்.

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்துக்கு ஒரு சொல். இது கண்ணாடியின் பின்பக்கம் தலைகீழ் வரிசையில் வரைந்தது. நகைக் கோடு முதலில், பின்னணி கடைசியில். கண்ணாடிக்கு வழுக்கும் முகம், வண்ணம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரம் ஏறி இறங்கினால் செதிலாகப் பெயரும். ஆகவே பின்பலகையை ஆர்வத்தில் திறக்காதீர்கள், செதில்கள் அதோடு வந்துவிடும். முன்பக்கக் கண்ணாடியை மட்டும், ஈரத்துணியால், ஓரத்தில் நீர் புகாமல் துடைக்கலாம். கொண்டுபோகும்போது கண்ணாடி கீழே, பலகை மேலே இருக்கும்படி படுக்கை வசமாக. அப்போது பெயர்ந்த செதில் கண்ணாடி மேலேயே கிடக்கும். நிறுத்திக் கொண்டுபோனால் சட்டத்தின் அடியில் பொடியாகச் சேர்ந்திருக்கும்.

5. லஸ்தரை இறக்குதல்

இதற்கு மட்டும் முழு இரண்டு நாளும் இரண்டு ஆளும் வேண்டும். மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். நான்கு பக்கமும் கீழிருந்தும் படம் எடுத்து, லஸ்தரின் கைகளுக்கு (விளக்கைத் தாங்கும் கிளைகள்) ஜன்னல் பக்கத்திலிருந்து வலச்சுற்றாக 1, 2, 3 என்று சீட்டுக் கட்டுங்கள். முதலில் தொங்கட்டான்களைக் கழற்றி, கை வாரியாகத் தனித்தனி உறையில் போட்டு எண்ணி எழுதுங்கள். அடுத்து கிண்ணங்கள், பிறகு கைகள். ஒரு பக்கத்துக் கைகளை வரிசையாகக் கழற்றினால் தண்டு சாயும். ஒன்றைக் கழற்றினால் அடுத்தது அதன் எதிர்ப்பக்கக் கை.

தொங்கட்டானைக் கோத்த ஊசி இரும்பாக இருந்தால் துரு உப்பி, துளையைச் சுற்றிக் கண்ணாடி தெறித்திருக்கும். எல்லாவற்றையும் பித்தளை ஊசிக்கு மாற்றுங்கள். செலவில் சின்னது, பலனில் பெரியது. துணி சுற்றிய பழைய ரப்பர் வயரை யார் சொன்னாலும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தொங்கும் நிலையிலேயே தெளிப்பான் அடித்துச் சுத்தம் செய்வதும் தவறு, நீர் தண்டுக்குள்ளும் சாக்கெட்டுக்குள்ளும் இறங்கும்.

திரும்ப மாட்டும் முன் கொக்கியைச் சோதியுங்கள். மெட்ராஸ் தளத்தில் (உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை) தேக்கு உத்தரத்துக்கு இறக்கிய கொக்கி மேலே துருவேறி, கீழே பெயிண்ட் அடித்து அழகாக இருக்கும். லஸ்தரின் எடையைப் போல இரண்டு மடங்கு மணல் மூட்டையை 24 மணி நேரம் தொங்கவிடுங்கள்.

6. ஒட்டு

ஃபெவிக்விக் வேண்டாம். காரத்தன்மையுள்ள கண்ணாடி முகத்தில் அந்தப் பசை நிலைக்காது, சில வருடத்தில் விடும், விடும்போது சில்லையும் பெயர்க்கும். கடையில் கிடைக்கும் சாதாரண எப்பாக்சி மஞ்சளாகும். கலைப்பொருள் பாதுகாப்பாளர்கள் பயன்படுத்தும் ஹெக்ஸ்டால் போன்ற எப்பாக்சி கண்ணாடியின் ஒளிவிலகலுக்கு நெருங்கி வரும், முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும், விலை அதிகம், கை பழகாமல் பயன்படுத்தவும் முடியாது. உங்கள் வேலை ஒன்றுதான்: உடைந்த எல்லாச் சில்லையும், பொடி உட்பட, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக மெல்லிய தாளில் சுற்றி, எண்ணிட்டு வைப்பது. சேர்கிறதா என்று பொருத்திப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் விளிம்பு நொறுங்கும்.

7. ஈரத்தை அளந்து, பிறகு கட்டுப்படுத்துங்கள்

இரண்டு டிஜிட்டல் ஈரமானி வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. வாங்கியதை நம்பாதீர்கள். ஒரு மூடியில் உப்பைக் கொஞ்சம் நீர் விட்டுச் சேறு போலக் குழைத்து, ஈரமானியோடு இறுக்கமான டப்பாவில் ஒரு இரவு வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் ஐந்து கூட்டிப் படியுங்கள். அறையில் காலை, மதியம், இரவு குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் அக்னி நட்சத்திரமும் அந்தக் குறிப்பில் வந்தால்தான் அது பயன்படும்.

நல்ல கண்ணாடிக்கு 40 முதல் 55 சதவீதம் நிம்மதி. நோயுள்ளதற்கு 38 முதல் 42. வெளியேறிய பொட்டாஷ் காரத்திலிருந்து கண்ணாடி மேல் படியும் பொட்டாசியம் கார்பனேட் 43 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஈரத்தை உறிஞ்சித் துளியாகிவிடும், அதற்கு மேல் போனால் வியர்க்கும். ரொம்பக் கீழே போனால் காய்ந்து விரிசல் விடும்.

இதற்கு ஏசி போடலாமே என்பார்கள். பார்வையாளர் நேரத்தில் மட்டும் ஓடும் ஏசி, ஏசியே இல்லாததைவிட மோசம். 24 டிகிரியில் குளிர்ந்திருக்கும் குப்பி மேல், 30 டிகிரி, 80 சதவீத ஈரமுள்ள வெளிக்காற்று பட்டால் என்ன ஆகும்? அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீர்த்துளியாகும் வெப்பநிலை, சுமார் 26 டிகிரி. குப்பி நனைந்துவிடும், தினமும். 24 மணி நேரமும் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள். முடியாவிட்டால் அறையை விட்டுவிட்டு, நோயுள்ள பொருளின் பெட்டியை மட்டும் கட்டுப்படுத்துங்கள்.

பெட்டிக்குச் சிலிக்கா ஜெல் கணக்கு: ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ. 90 செ.மீ. நீளம், 45 அகலம், 60 உயரம் உள்ள பெட்டி 0.243 கன மீட்டர், அதாவது சுமார் ஐந்து கிலோ. செருப்புப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலம் நான்கு போட்டுவிட்டுப் பாதுகாத்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கும், ஆரஞ்சு வாங்குங்கள். அடுப்பில் காய வைத்து எடுத்த ஜெல்லை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். ஈரத்தை 20 சதவீதத்துக்கும் கீழே இழுத்து, வியர்க்கும் கண்ணாடியை ஒரே வாரத்தில் விரிசல் கண்ணாடி ஆக்கிவிடும். ஜெல்லை ஈரமானியோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். 38க்குக் கீழே காட்டினால் தட்டில் பரப்பி அறைக்காற்றில் ஒரு மணி நேரம் விட்டு, மறுபடி மூடி, மறுபடி பாருங்கள். 40 வந்து நின்ற பிறகு பெட்டிக்குள் போகட்டும்.

8. இப்போது அலமாரி

பிளைவுட், எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை), புதுத் தேக்கு எல்லாம் அமில ஆவி விடும். அந்த ஆவி கண்ணாடியின் காரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பூப் பூக்கும். பவுடர் கோட்டிங் போட்ட இரும்பு அல்லது அலுமினியச் சட்டம்தான் சரி. சிலிக்கோன் பசை புளித்த காடி வாடை அடித்தால் அது அசிட்டிக் வகை, திருப்பிக் கொடுத்து நியூட்ரல் வகை கேளுங்கள். எல்லாம் முடிந்த பின் நான்கு வாரம் கதவைத் திறந்தே வையுங்கள். மூக்கை உள்ளே விட்டு வாடை இல்லை என்று தெரிந்தால்தான் பொருள்.

தட்டுக்கு எல்லோரும் டஃபன் கிளாஸ் என்பார்கள். அதில் நிக்கல் சல்பைடு துகள் இருந்தால், எந்த அடியும் படாமல் ஒருநாள் தானே சிதறும், மேலே இருப்பது எல்லாம் போகும். லேமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் நடுப்படலம் பிடித்துக்கொள்ளும். விலை கூடுதல்தான், தட்டுக்கு அதையே போடுங்கள். கதவுக்கு டஃபன் போதும். அதைச் சூடேற்றிய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, பூட்டுத் துளையின் அளவை முன்பே கொடுத்துவிடுங்கள்.

விளக்கு எல்இடி, அதன் டிரைவர் அலமாரிக்கு வெளியே. கண்ணாடி ஓவியத்துக்கு வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) தாண்டாமல் இருக்கட்டும். மற்றவற்றுக்கு வெளிச்சம் அவ்வளவு பகையில்லை, ஆனால் நேர்வெயில் கூடாது. மாங்கனீசு சேர்த்து நிறம் நீக்கிய பழைய கண்ணாடி வெயிலில் ஊதாவாகிவிடும்.

9. பண்டத்தோடு கைவேலையையும் காட்டுங்கள்

குப்பியையும் விளக்கையும் வைத்துவிட்டால் கண்ணாடிக் கலை மரபைக் காட்டியதாக ஆகாது. 2023இல் செக், பின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்பெயின் ஆறு நாடுகளும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியது எந்தக் கிண்ணத்தையும் அல்ல, கையால் கண்ணாடி செய்யும் அறிவை. நமக்கு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு பாசிமணி. அரிக்கமேட்டு மணிகளில் பெரும்பகுதி, உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, வெட்டி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கியவை. அதே இழுப்பு முறை ஆந்திரத்தில் திருப்பதிக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் ‘லாடா’ என்ற குழல்கோலை வைத்து அண்மைக்காலம் வரை தொடர்ந்தது.

இதைக் காட்ட, முடிந்த சரம் ஒன்று போதாது. உடைகண்ணாடி ஒரு பிடி, இழுத்த குழாய் ஒரு முழம், வெட்டிய கூர்முனைத் துண்டு, சாம்பலில் புரட்டிச் சூடாக்கிய துண்டு, கோத்த சரம் என்று ஐந்து கட்டமாக வரிசையாக வையுங்கள். பக்கத்தில் பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று கட்டிவிடுங்கள். இழுத்த மணியில் குமிழியும் கோடும் துளைக்கு இணையாக நீளவாக்கில் ஓடும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் துளையைச் சுற்றி வளையமாக ஓடும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளை எந்தச் சந்தையிலும் மணியைப் பிரித்துச் சொல்லிவிடும். பழைய சரத்தின் நூலை அறுக்கும் முன், வரிசை தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள்.

கைவினைஞரைப் பேட்டி காண்பதென்றால் ஒரு நாள் கூலி, பயணம், சாப்பாடு கணக்கில் வைத்து, ஒலி ஒளிப்பதிவுக்குக் கையெழுத்து வாங்குங்கள். அவர் சொல்லும் கருவிப் பெயரை அவர் மொழியிலேயே எழுதுங்கள். நேரில் செய்துகாட்ட அழைத்தால், வணிக எரிவாயுச் சிலிண்டர் அறைக்கு வெளியே, பார்வையாளருக்கும் சுடருக்கும் நடுவே பாலிகார்பனேட் தடுப்பு, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில். அங்கே செய்ததை உடனே யாருக்கும் பரிசாகக் கொடுக்காதீர்கள். உலையில் மெல்ல ஆற்றாத கண்ணாடி, இரண்டு நாள் கழித்து ஒருவர் வீட்டு ஷோகேஸில் தானாக வெடிக்கும்.

10. காப்பீடு, பயணம்

பல பாலிசிகளில் எளிதில் உடையும் பொருளின் உடைசல் விலக்கப்பட்டிருக்கும். தீ, திருட்டு மட்டும் எடுத்துவிட்டுக் காப்பீடு இருப்பதாக நினைக்காதீர்கள். உடைசலும், சுவரிலிருந்து எடுத்தது முதல் திரும்ப மாட்டுவது வரையிலான பயணமும் சேர்த்து, ஒப்புக்கொண்ட மதிப்பில் எழுதித் தரும்படி கேளுங்கள். மதிப்பீட்டாளர் அறிக்கை கேட்பார்கள், அதற்கு ஒரு மாதம். பெரிய அருங்காட்சியகத்தில் இரவல் கேட்பதானால் ஆறு மாதம் முன்பே எழுதுங்கள். உங்கள் அறையின் ஈரக் குறிப்பேட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

கட்டும்போது செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பஞ்சும் வேண்டாம், சில்லு பெயர்ந்த இடத்தில் சிக்கும். அமிலமற்ற மெல்லிய தாள், அதன் மேல் குமிழி உறை குமிழிகள் வெளிப்பக்கமாக, பிறகு பெட்டிக்குள் பெட்டி, நடுவே ஐந்து செ.மீ. நுரை. ‘உடையும்’ என்று எழுதினால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறியும் போடுங்கள்.

11. திறந்த பின் முதல் மாதம்

பேருந்து போகும் தெரு, மேலே மின்விசிறி, பக்கத்து அறையில் ஜெனரேட்டர் இருந்தால் தட்டில் வைத்த பொருள் மெதுவாக நகரும். கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பொருளின் அடியிலும் ஒரு வெள்ளைத் தாள் விரித்து, அடிவிளிம்பைப் பென்சிலால் மெலிதாகக் கோடிட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்துக் கோட்டுக்கு வெளியே வந்திருந்தால், அடியில் மூன்று இடத்தில் மிளகளவு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு உருட்டி வைத்து, பொருளை லேசாக அழுத்தி உட்காரவையுங்கள். முலாம் பூசிய அடிக்கு மெழுகு கூடாது, பாலித்தீன் நுரை வட்டம் வெட்டிப் போடுங்கள். எடுக்க வேண்டி வந்தால் மேலே இழுக்காதீர்கள், அடியில் பிடித்து மெல்லத் திருகினால் மெழுகு விட்டுக்கொடுக்கும்.